கலியாண வீட்டு டிஜேக்குப் பாட்டு எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் டிஜே வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமார் முதலில் கொன்ட்ரோலரைப் பற்றியும் ஸ்பீக்கரைப் பற்றியும்தான் கேட்பார்கள். சில புரோகிராம் செய்தபிறகு கேள்வி மாறிவிடும். "அண்ணா, பாட்டெல்லாம் எங்க எடுக்கிறீங்கள்? எதைப் போடுறது, எதை விடுறது எண்டு எப்பிடித் தெரியும்?" அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எங்கள் ஊரில் டிஜேக்கு வேலை கிடைக்கும் இடங்களை வைத்தே எழுதியிருக்கிறேன். கொழும்புக் கிளப்பில் விடிய விடிய ஹவுஸ் என்ற ஆட்ட இசையை வாசிப்பவருக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

புதுப் பாட்டுகளை எங்கே தேடுவது?

ஒரே இடத்தில் தேடினால் மற்ற டிஜேமாரிடம் இருக்கிற அதே பாட்டுகள்தான் உங்களிடமும் சேரும். அதனால் இடத்தை மாற்றி மாற்றித் தேடவேண்டும்.

சினிமாப் பாட்டுக்கு அதிகம் அலையத் தேவையில்லை. சோனி மியூசிக் சவுத், திங்க் மியூசிக், சரிகம தமிழ் போன்ற சனல்களை யூரியூப்பில் தொடர்ந்தால் போதும். 2015 ஜூலையில் இருந்து உலகம் முழுவதும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளியாக வேண்டும் என்று ஒலிப்பதிவுக் கம்பனிகள் முடிவெடுத்தன. ஆனால் தமிழ்ப் படப் பாட்டுகள் அந்த ஒழுங்குக்குள் நிற்பதில்லை. படம் வருவதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே ஒவ்வொரு பாட்டாக, அவர்களுக்கு வசதியான நாளில் விடுவார்கள். எனவே ஆங்கிலப் பாட்டுக்கு வெள்ளிக்கிழமையும், தமிழ்ப் பாட்டுக்கு நாளாந்தம் ஒரு சின்னப் பார்வையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆக்களின் பாட்டுத்தான் உண்மையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது. இங்கேயும் கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் பக்கமும் இருக்கிற தமிழ்ப் பெடியளும் பெட்டையளும் செய்யும் சொல்லிசை, தனிப் பாடல்கள், ரீமிக்ஸ் எல்லாம் சவுண்ட்கிளவுட்டிலும் யூரியூப்பிலும் மிகக் குறைந்த பார்வைகளோடு கிடக்கின்றன. இவற்றைப் பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பிடித்த பாட்டு ஒன்றின் கீழே இருக்கிற விவரக் குறிப்பை முழுதாக வாசியுங்கள். பாடியவரின் பெயரை விடுங்கள், இசையமைத்தவர், மிக்ஸ் செய்தவர், மாஸ்டரிங் செய்தவர் யார் என்று பாருங்கள். அந்த மிக்ஸிங் செய்தவரின் பக்கத்துக்குப் போனால் அவர் கைபட்ட இன்னும் பத்துப் பாட்டு இருக்கும். அதில் ஒன்றில் பின்னணி பாடிய பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பக்கம் இருக்கும். இப்படி நூல் பிடித்துப் போனால் எந்த அல்கோரிதமும் காட்டாத இடத்துக்கு வந்து சேர்வீர்கள். ஈழத்துக் கலைஞரின் பாட்டு ஒன்று எங்கள் ஊர் மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரில் போகவேண்டும் என்று எனக்கு உண்மையான ஆசை இருக்கிறது. அதனால் இந்தத் தேடலுக்கு நான் அதிக நேரம் கொடுப்பேன்.

ஆங்கிலம், அஃப்ரோபீட்ஸ், ரெகேடோன், ஹவுஸ் வகைகளுக்குப் பாட்டு விற்கும் தளங்களான பீட்போர்ட், பான்ட்காம்ப், பிறகு ரெக்கோர்ட் பூல்கள் (அவை என்ன என்று கீழே வருகிறது). மற்ற டிஜேமாரின் செட்டில் கேட்ட பாட்டின் பெயர் தெரியவேண்டும் என்றால் 1001 டிராக்லிஸ்ட்ஸ் என்ற தளத்தில் பலரின் செட்கள் பாட்டு வரிசையோடு இருக்கின்றன.

இன்னொரு இடம் இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பருத்தித்துறை மினிபஸ். பின்னேரம் வேலை விட்டு வரும் சனம் களைத்துப்போய் நிற்கும் பஸ்ஸில், ஒரு பாட்டுக்கு மட்டும் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் தாளம் போட்டால் அந்தப் பாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சலூனிலும் ஓட்டோவிலும் இதே வேலையைச் செய்யலாம்.

பஸ்ஸில் கேட்ட பாட்டின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷசாம் என்ற செயலி. 2002இல் பிரித்தானியாவில், ஒரு இலக்கத்துக்கு அழைத்துப் போனைப் பாட்டின் பக்கம் பிடிக்கும் சேவையாகத் தொடங்கியது. இப்போது அப்பிளின் கையில் இருக்கிறது. ஒழுங்காக வெளியான பாட்டுகளை நன்றாகப் பிடிக்கும். வேகம் மாற்றிய ரீமிக்ஸ்களில் தடுமாறும். அந்த நேரம் காதில் விழுந்த ஒரு வரியைப் போனில் எழுதி வையுங்கள், பிறகு தேடலாம்.

ரெக்கோர்ட் பூல் என்றால் என்ன? எங்களுக்கு அது தேவையா?

1975இல் நியூயோர்க்கில் டேவிட் மன்குசோ என்பவரும் சில டிஜேமாரும் சேர்ந்து தொடங்கிய முறை இது. இசைக் கம்பனிகள் புதிய இசைத்தட்டுகளை அந்தக் கூட்டுக்குக் கொடுக்கும், உறுப்பினராக இருக்கும் டிஜேமார் அங்கிருந்து பெற்று வாசிப்பார்கள், ஆட்டக்களத்தில் சனம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று திரும்பிச் சொல்வார்கள். இப்போது அது மாதச் சந்தாவோடு இணையத்தில் நடக்கிறது. டிஜேசிட்டி, பிபிஎம் சுப்ரீம் போன்றவை அப்படியானவை.

அவற்றில் கிடைக்கும் பெரிய நன்மை, ஒரே பாட்டின் பல வடிவங்கள். கெட்ட வார்த்தை நீக்கிய கிளீன் பதிப்பு, தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் டிரம்ஸ் சேர்த்த இன்ட்ரோ பதிப்பு, குரல் மட்டும் இருக்கும் அகபெல்லா. ஆனால் தமிழ்ப் பாட்டு அங்கே மிகக் குறைவு. உங்கள் புரோகிராமில் முக்கால்வாசி தமிழ் என்றால் ஒரு மாதம் சந்தா கட்டி, வேண்டியதை எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்ப எடுப்பது போதும்.

யூரியூப்பில் இருந்து இறக்கினால் என்ன பிரச்சினை?

இரண்டு பிரச்சினை. முதலாவது உரிமை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இசைப் படைப்புகளைப் பாதுகாக்கிறது. மேலே சொன்ன, சின்னப் பார்வை எண்ணிக்கையோடு இருக்கும் எங்கள் கலைஞரின் பாட்டை எடுத்துக் காசுக்கு வாசித்துவிட்டு அவருக்கு ஒரு சதமும் கொடுக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பான்ட்காம்ப்பில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் நேரே ஒரு செய்தி அனுப்புங்கள். "உங்கட பாட்டை யாழ்ப்பாணத்தில ஒரு கலியாண வீட்டில போடப்போறன்" என்று எழுதினால் பெரும்பாலும் சந்தோசத்தோடு நல்ல தரமான கோப்பை அனுப்பிவிடுவார்கள், சிலர் குரல் இல்லாத வடிவத்தையும் சேர்த்து.

இரண்டாவது சத்தத்தின் தரம். ஹெட்செட்டில் வித்தியாசம் தெரியாது. மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரில் போட்டவுடன் தெரியும்: ஹை-ஹட் தகரம் தட்டியதுபோல் கரகரக்கும், பேஸ் கலங்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பில் ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் இருக்காது. 320இல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் இதைப் படமாகவே பார்க்கலாம். பெயரில் 320 என்று இருந்தும் படம் 16இல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், யாரோ 128ஐ எடுத்து 320 ஆக மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மாற்றினால் போனது திரும்பி வராது. கசட்டில் இருந்து எடுத்த பழைய பாட்டுகளில் மேல் ஒலி குறைவாக இருப்பது இயல்பு. அவற்றுக்குப் படத்தைப் பார்க்காமல் காதை நம்புங்கள்.

கிடைத்த பாட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

எல்லாக் கேள்வியிலும் பெரியது இதுதான். பாட்டுத் தேடுவது இன்றைக்கு லேசு, கழிப்பதில்தான் டிஜேயின் வேலையே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். எங்கள் ஊரில் சாப்பாடு முடிந்து சனம் ஆடத் தொடங்க எட்டு மணியாகும். இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கெடுபிடி இருக்கும், மண்டபக்காரரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆக ஆட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு பாட்டை இரண்டரை நிமிடம் வாசித்தால் மொத்தம் 48 பாட்டு. அதில் பாதிக்கு மேல் எல்லாருக்கும் தெரிந்த பழகிய பாட்டாக இருந்தாக வேண்டும். புதிதாக நீங்கள் கொண்டுவந்து வைக்கக்கூடிய இடம் ஏழெட்டுத்தான். அந்த ஏழெட்டு இடத்துக்குத்தான் ஆயிரம் பாட்டு வரிசையில் நிற்கிறது.

இடம் குறைந்தால் தெரிவு கூர்மையாகும் என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. ரெக்கோடிங் பார்கள் இருந்த காலத்தில் கொப்பி ஒற்றையில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்து 60 நிமிடக் கசட்டிலோ 90 நிமிடக் கசட்டிலோ பதிந்து எடுப்பார்கள். ஒரு பாட்டுக் கூடினால் இன்னொன்றை வெட்டவேண்டும். வீட்டில் அதற்குச் சண்டையே நடக்கும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டபோது அந்தத் தெரிவு இன்னும் இறுகியது. மிதித்துக் கேட்கும் அளவுக்குப் பெறுமதியான பாட்டா என்ற கேள்விக்கு அப்போது ஒவ்வொருவரிடமும் பதில் இருந்தது.

நான் மூன்று தரம் கழிப்பேன். முதல் தரம் வேகமாக. தொடக்கம், பல்லவி, இடையிசை, முடிவு என்று நாலு இடத்தில் தொட்டுத் தொட்டு, அரை நிமிடத்துக்குள். ஏதாவது ஒன்று காதைப் பிடித்தால் "கேட்க" என்ற போல்டருக்குள் போகும். பிடிக்காவிட்டால் அந்த இடத்திலேயே முடிந்தது.

இரண்டாம் தரம் வேறொரு நாள், முழுப் பாட்டையும், வேறு வேலை ஒன்றும் செய்யாமல். வேறொரு நாள் என்பது முக்கியம். ஒரு நல்ல ஹூக் (காதைக் கொக்கிபோல் இழுக்கும் துண்டு) முதல் முறை யாரையும் ஏமாற்றிவிடும். இரண்டு நாள் கழித்துப் போனைத் தொடாமல் அந்த மெட்டை முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் சனத்துக்கும் நினைவில் நிற்காது. இந்தத் தரத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதற்கு யார் எழும்புவார்கள்? முகத்தை நினைத்துப் பதில் சொல்லுங்கள். சித்தப்பாமாரா, பொம்பிளையின் சிநேகிதிகளா, கனடாவில் இருந்து வந்த மச்சான்மாரா, மேடைக்கு முன்னால் ஓடித் திரியும் குஞ்சு குருமான்களா? "எல்லாரும்" என்று பதில் வந்தால் திரும்ப யோசியுங்கள், அப்படியான பாட்டு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். "மற்ற டிஜேமார் ரசிப்பார்கள்" என்று பதில் வந்தால் அதை வீட்டில் கேளுங்கள்.

மூன்றாம் தரம் பெரிய ஸ்பீக்கரில், பக்கத்துப் பாட்டுகளோடு. எந்தப் பாட்டில் இருந்து இதற்குள் வரலாம், இதில் இருந்து எதற்குப் போகலாம் என்று முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைக்காத பாட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காத்திருக்கட்டும். சில மாதம் கழித்து அதற்குச் சோடி வந்து சேரும்.

சினிமாப் பாட்டில் குறிப்பாக என்ன கவனிக்கவேண்டும்?

கிளப் இசை டிஜேக்காகவே செய்யப்படுகிறது. தொடக்கத்தில் 16 அல்லது 32 பார் வெறும் பீட் இருக்கும், கலப்பது சுகம். சினிமாப் பாட்டு படத்துக்காகச் செய்யப்படுகிறது. நாலரை நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்தால் முதல் 25 செக்கன் புல்லாங்குழலும் ஆலாபனையுமாக, பீட்டே இல்லாமல் போகும். பிறகு பறை இறங்கும், பல்லவி வரும், சனம் எழும்பும். ஒன்றே கால் நிமிடத்தில் இடையிசை. அது நல்ல இடையிசை என்றால் ஆட்டம் ஏறும். சரணம் தொடங்கும்போது டிரம்ஸ் அடங்கிக் குரல் மேலே வரும், ஆடுபவர்கள் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். இரண்டாவது இடையிசையில் வயலின்கள் வரும்போது இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

இதை மண்டபத்தில் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் கேட்கும்போதே பறை இறங்கும் இடத்தில் ஒரு ஹொட் கியூ (ஒரு பட்டனில் அந்த இடத்துக்குத் தாவும் குறி), பல்லவி திரும்பும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று என்று மூன்று குறி போட்டு வையுங்கள். மூன்று குறி போட இடமே இல்லாத பாட்டு ஆட்டத்துக்கு ஆகாது. சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கேயும் நல்ல பாட்டு வேண்டும்தானே.

எழுபது எண்பதுகளின் பாட்டுகள் மிக்ஸ் பண்ணும்போது ஏன் ஓடிப்போகின்றன?

அவை ஒரு மண்டபம் நிறைய வாத்தியக்காரர் சேர்ந்து வாசித்தவை. மனிதர் வாசித்தால் வேகம் சற்று ஏறி இறங்கும். பாட்டு 118 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 118 தட்டு) தொடங்கி இடையிசையில் 121 ஆகி, முடிவில் 120இல் நிற்கலாம். மென்பொருள் முழுப் பாட்டுக்கும் ஒரே வேகத்தில் கட்டம் கீறிவிடுவதால் பாதிப் பாட்டில் தாளம் விலகிவிடும். ரெக்கோர்ட்பொக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் இருக்கிற டைனமிக் பகுப்பாய்வு ஓரளவு உதவும். நீங்கள் கலக்கப்போகும் இடத்தில் மட்டும் கையால் கட்டத்தைத் திருத்திக்கொண்டால் அதைவிட நல்லது. இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனை நம்பாதீர்கள். நீளமான கலவையும் வேண்டாம், நாலு தட்டுக்குள் மாறிவிடுங்கள்.

சத்த அளவும் வேறுபடும். பழைய பதிவுகள் மெல்லியதாக ஒலிக்கும், இன்றைய பதிவுகள் இறுகி உரப்பாக இருக்கும். சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் ஓட்டோ கெயினைப் போட்டு வையுங்கள்.

கீ (பாட்டின் சுருதி) பார்த்துத்தான் பாட்டைத் தெரிவு செய்யவேண்டுமா?

உதவும், ஆனால் தமிழ்ப் பாட்டில் கவனம் தேவை. கமலொட் சக்கரம் என்று ஒன்று இருக்கிறது: மணிக்கூட்டு முகம்போல் 12 இடம், ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர். 8ஏயில் இருந்து 7ஏ, 9ஏ, 8பி மூன்றுக்கும் சிக்கல் இல்லாமல் போகலாம். மேற்கத்தியப் பாட்டுக்கு இது அழகாக வேலை செய்யும்.

எங்கள் பாட்டுகள் பல ராகத்தில் அமைந்தவை. மாயாமாளவகௌளையை எடுங்கள். அதில் காந்தாரம் மேஜர் போல் ஒலிக்கும், ரிஷபமும் தைவதமும் கோமளமாக, அதாவது தாழ்ந்து இருக்கும். மென்பொருள் அதை ஒருமுறை மேஜர் என்றும் இன்னொருமுறை வேறு சுருதியில் மைனர் என்றும் சொல்லும். கீ பொருந்துகிறது என்று திரை காட்டிய இரண்டு பாட்டைச் சேர்த்துப் போட்டால் பல்லுக் கூசும். ஆதார சுருதி ஒன்றா என்று பாடிப் பாருங்கள், அதுதான் சரியான சோதனை. சந்தேகம் என்றால் மெட்டு மேல் மெட்டு வைக்காமல், ஒரு பாட்டின் வெறும் தாளத்தின் மேல் மற்றதின் மெட்டைக் கொண்டுவாருங்கள்.

பிட்ச் விஷயம்: வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் கீ லொக்கைப் போடாமல் வேகத்தை 6 வீதம் கூட்டினால் ஏறத்தாழ அரைச் சுரம் ஏறிவிடும். கீ லொக் போட்டாலும் அதற்கு மேல் இழுத்தால் பாடகரின் குரல் கெட்டுவிடும். எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் குரலை அப்படிச் செய்யக்கூடாது.

பைலாவை எங்கே வைப்பது? பிபிஎம் தப்பாகக் காட்டுகிறதே?

பைலா என்ற எங்கள் நாட்டு ஆட்டப் பாட்டு ஆறு-எட்டுத் தாளம். எங்கள் குத்துப் பாட்டிலும் பல அப்படித்தான். மென்பொருள்கள் நாலு-நாலை எதிர்பார்த்து எண்ணுவதால் 130இல் போகும் ஆறு-எட்டுப் பாட்டை 87 என்றோ 195 என்றோ காட்டும். காலைத் தட்டி எண்ணிப் பார்த்து, டெப் பட்டனால் திருத்தி வையுங்கள். திருத்தாமல் விட்டால் தேடும் நேரத்தில் அந்தப் பாட்டு வேறெங்கோ ஒளிந்திருக்கும்.

நாலு-நாலில் இருந்து ஆறு-எட்டுக்குப் போவது எப்போதும் ஒரு சின்ன அதிர்ச்சி. அதனால் பைலாவை ஒன்றிரண்டாகத் தூவாமல் ஒரு கட்டாக, கடைசி அரை மணித்தியாலத்தில் வைப்பேன். பைலாவுக்கும் ஆறு-எட்டுக் குத்துக்கும் இடையில் போய்வருவது சுகம், தாளம் ஒன்றுதானே. மார்ச்சில் வடக்கின் பெருஞ்சமர் நடக்கும் நாட்களை அண்டிய புரோகிராம் என்றால் பப்பரே வாத்திய இசையும் அந்தக் கட்டுக்குள் சேரும். 1904இல் இருந்து நடக்கும் கிரிக்கெட் மட்ச் அது. மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் பழைய மாணவர்கள் எந்த வயதில் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எழும்பாமல் விடமாட்டார்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு என்ன போடுவது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில், பள்ளி விடுமுறையோடு, ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே இசை கேட்பதில்லை. லண்டன் பிள்ளைக்குத் தெரிந்தது பாரிஸ் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் புரோகிராமுக்கு ஒரு கிழமைக்கு முன்பே வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தெந்த நாட்டில் இருந்து வருகிறார்கள், அந்தப் பிள்ளைகளில் பாட்டுப் பைத்தியம் யார்? அந்த ஒரு பிள்ளையின் வட்ஸ்அப் இலக்கத்தை வாங்கி, ஐந்து பாட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஐந்து என்று சொன்னால் யோசித்து அனுப்பும், இல்லாவிட்டால் முழு பிளேலிஸ்ட்டையும் தள்ளிவிடும்.

அந்த ஐந்தையும் அப்படியே போடத் தேவையில்லை. அவை என்ன வேகம், என்ன மாதிரி என்று பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் ருசி விளங்கிவிடும். ஒரு அஃப்ரோபீட்ஸ் பாட்டு இருந்தால் அதே வேகத்தில் ஒரு தமிழ்ப் பாட்டைப் பக்கத்தில் வையுங்கள். அம்மம்மாவும் பேரனும் ஒரே நேரம் ஆடுவது அப்படிப்பட்ட இடத்தில்தான். அதைவிட நல்ல காட்சியை நான் ஒரு மண்டபத்திலும் பார்த்ததில்லை.

டிக்டொக்கில் பிரபலமான பாட்டை உடனே எடுத்துவிடலாமா?

முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு எடுங்கள். அங்கே பெரும்பாலும் ஓடுவது ஒரு 15 செக்கன் துண்டுதான். பல நேரம் அது வேகம் கூட்டிய பதிப்பு, மூலப் பாட்டைப் போட்டால் சனத்துக்கு அடையாளமே தெரியாது. அந்த 15 செக்கனைத் தவிர மிச்சம் வெறுமையாக இருந்தால், அந்தத் துண்டை மட்டும் ஒரு பாட்டில் இருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் பயன்படுத்துங்கள். மூன்று மாதம் கழித்துக் கோப்பை அழித்துவிடலாம்.

பாட்டின் சொற்களைப் பார்க்கவேண்டுமா? சனம் தாளத்துக்குத்தானே ஆடுகிறது?

கட்டாயம் பார்க்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சாமத்திய வீட்டில் மேடையில் இருப்பது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளையின் உடம்பை வர்ணிக்கும் பாட்டும், காதலிக்க மறுத்தவளைத் திட்டும் பாட்டும் எவ்வளவு நல்ல பீட்டாக இருந்தாலும் அங்கே ஒலிக்கக்கூடாது. அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டில் கெட்ட வார்த்தை யாருக்கும் விளங்காது என்று நினைப்பதும் சரியில்லை. மண்டபத்தில் பலர் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள். ஸ்பானிஷ், பஞ்சாபி, சிங்களப் பாட்டு என்றால் சொற்களைத் தேடி அர்த்தம் பாருங்கள். சாதியைத் தூக்கிப் பிடிக்கும் பாட்டு சினிமாவில் நிறைய இருக்கிறது. அதை யார் வந்து கேட்டாலும் போடாதீர்கள்.

பாட்டுத் தேட நல்ல காலம் எது?

ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. அந்த நாட்களில் உட்கார்ந்து பாட்டுகளைக் கழிக்கும் வேலையைச் செய்யுங்கள். நவம்பர் பிற்பகுதியிலும் மே நடுப்பகுதியிலும் இங்கே பல வீடுகளில் போரில் இழந்த தங்கள் ஆக்களை நினைப்பார்கள். அந்த நாட்களில் கொண்டாட்ட வேலையை நான் எடுப்பதில்லை, வீட்டில் பெரிய சத்தத்தில் சோதித்துப் பார்ப்பதும் இல்லை.

லப்டொப்பில் எப்படி ஒழுங்குபடுத்துவது?

பெயரில்தான் எல்லாச் சிக்கலும். தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். "வா" என்ற ஒரு சொல்லுக்கே ஒரு ஏ, இரண்டு ஏ என்று இரண்டு வடிவம். "ழ" வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். இருட்டில், பத்துச் செக்கனில் தேடும்போது பாட்டு இருந்தும் கிடைக்காது. தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்றால் பாட்டை ஓடவிடும் கருவிகளான டெக்குகள் சிலவற்றின் திரையில் அது வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். எனவே உங்களுக்கென்று ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து, பாட்டு உள்ளே வரும் அன்றைக்கே பெயரை மாற்றிவிடுங்கள்.

வகை என்ற இடத்தில் "குத்து", "மெலடி" என்று எழுதுவதால் பெரிய பயன் இல்லை. கொமென்ட் பகுதியில் யார் எழும்புவார்கள், எத்தனை மணிக்குப் பொருந்தும் என்று எழுதுங்கள். "மாமிமார், 8.30", "பெடியள், கடைசி", "சாப்பாடு". செராட்டோ, ரெக்கோர்ட்பொக்ஸ், வேர்ச்சுவல் டிஜே, இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் (Mixxx) ஆகிய டிஜே மென்பொருள் எதிலும் இதை வைத்துத் தேடலாம்.

ஸ்டெம்ஸ் வந்துவிட்டதே, இனி எந்தப் பாட்டையும் எடுக்கலாம்தானே?

குரலையும் தாளத்தையும் பிரிக்கும் வசதி நல்ல உதவிதான். இன்ட்ரோ இல்லாத சினிமாப் பாட்டுக்குத் தாளத்தை மட்டும் எடுத்து நுழைவாயில் கட்டலாம். தவிலும் நாதஸ்வரமும் கலந்த பாட்டில் பிரிப்பு சுத்தமாக வராது, வீட்டிலேயே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

புரோகிராம் நடக்கும்போது போனைக் கொண்டுவந்து பாட்டுக் கேட்டால்?

மரியாதையாக வாங்கிப் பாருங்கள். "அண்ணா, இதை ஒருக்காப் போடுங்கோ" என்று வரும் தம்பிக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கலாம். உங்களிடம் அந்தப் பாட்டு இருந்தால் எந்த இடத்தில் வரும் என்று சொல்லி அனுப்புங்கள், "பிறகு பாப்பம்" என்று மட்டும் சொன்னால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவார். இல்லாவிட்டால் அவர் போனை வயரில் கொழுவ வேண்டாம். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் முழு மண்டபத்துக்கும் மணி அடிக்கும். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் வேறுவேறு வீடுகளில் திரும்பத் திரும்ப வந்தால் அது "யார் எழும்புவார்கள்?" என்று இரண்டாம் தரம் கழிக்கும்போது கேட்ட கேள்விக்கு வந்த பதில்.

ஒருவர் கேட்டதற்காக, நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கும் கட்டை உடைக்கத் தேவையில்லை. பொம்பிளை மாப்பிள்ளை கேட்டால் மட்டும் உடைப்பேன். அவர்களின் நாள் அது.

பழைய பாட்டுகளை எப்போது தூக்குவது?

வருடத்துக்கு ஒருமுறை, மார்கழியில். ஒரு வருடம் முழுவதும் வாசிக்காத பாட்டை வேறு டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். அழிக்கத் தேவையில்லை. மூன்றாயிரம் பாட்டை வடிவாகத் தெரிந்து வைத்திருப்பவர், முப்பதாயிரம் வைத்துக்கொண்டு தேடுபவரைவிட நன்றாக வாசிப்பார்.

பென் ட்ரைவில் கொண்டுபோனேன், டெக் வாசிக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் போர்மட். விண்டோஸ் கொம்பியூட்டரில் என்டிஎஃப்எஸ் ஆக இருந்திருக்கும். எஃப்ஏடி32க்கு மாற்றுங்கள், பழைய சிடிஜே வகை டெக்குகளும் அதை வாசிக்கும். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் பிரதி எடுங்கள். கோப்புகளை அப்படியே இழுத்துப் போடாமல் ரெக்கோர்ட்பொக்ஸ் வழியாக ஏற்றினால்தான் நீங்கள் போட்ட கியூவும் குறிப்பும் சேர்ந்து போகும். ஒரே மாதிரி இரண்டு ட்ரைவ் செய்து, ஒன்றைச் சட்டைப் பையிலும் மற்றதை வயர்ப் பையிலும் வையுங்கள்.